வழி அடைபட்டது, பெட்டி திறந்தே இருக்கிறது

இந்தியாவில் மின்னஞ்சல் முதலில் வேரூன்றியது கல்விக்கூடங்களில். 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் ஐந்து ஐஐடிகளோடு பெங்களூரின் இந்திய அறிவியல் கழகமும் பங்கேற்றது. பொதுமக்களுக்கு இணையம் கிட்டியது 1995 ஆகஸ்டில்தான்.

அக்காலத்து அஞ்சல் மென்பொருள்கள் பொதுவாகக் கடிதங்களைக் கணினியில் இறக்கியபின் வழங்கியிலிருந்து நீக்கிவிடும். எனவே ஓர் ஆய்வாளரின் பல்லாண்டுக் கடிதத்தொடர்புக்கு அவரது வன்தட்டே ஒரே படி. 1988இல் ஸ்டீவ் டார்னர் உருவாக்கிய யூடோரா அவற்றை எளிய உரைக்கோப்புகளாகச் சேமித்தது. 2006இல் அதன் வளர்ச்சி நின்றது, பயன்பாடு நிற்கவில்லை.

2022 மே 30 முதல், கடவுச்சொல்லை மட்டும் கொண்டு நுழையும் பழைய மென்பொருள்களைக் கூகுள் ஏற்க மறுத்தது. பாதுகாப்பு நோக்கில் அது நியாயமே. ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் பெற்றுச் சிலர் தொடர்ந்தனர். ஏனையோர் உலாவிக்கு மாறினர்.

வரலாற்று மாணவர் அஞ்ச வேண்டியது இந்த இரண்டாம் பிரிவினரை எண்ணித்தான். புதுக்கடிதம் வாராத கணினி விரைவில் பழைய இரும்புக்குப் போய்விடும்; ஒரே படியும் உடன் போகும்.

பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆவணக் காப்பகம் 2019 முதல் அறிவியலாளர்களின் தாள்களைப் பேணிவருகிறது. தாளுக்குக் காட்டும் அக்கறையை உரைக்கோப்புக்கும் காட்டுவோம். உங்கள் பேராசிரியரின் பழைய கணினி துறையைவிட்டு வெளியேறுமுன், அதன் அஞ்சல் கோப்புறையை அவர் இசைவோடு படியெடுத்து வையுங்கள்.