உலோகமும் கண்ணாடியும்: என்புச் சிகிச்சையில் ஒட்டுப்பூச்சின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

தொழினுட்ப வரலாற்றை மேதைகள் சிலரின் கண்டுபிடிப்புக்களாக எழுதுவது எம்மிடையே வழக்கமாயுள்ளது. உடலினுட் பொருத்தப்படும் உலோகத்தின்மீது பீங்கான் வகைப் பூச்சினை ஒட்டவைத்த வரலாறு அவ்வாறு எழுதப்படக்கூடியதன்று. அதன் தொடக்கத்தில் நிற்பது ஒரு போர்.

1967இல் புளோரிடாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாரி ஹெஞ்ச், பேருந்துப் பயணமொன்றில் வியட்நாமிலிருந்து திரும்பிய இராணுவக் கேணல் ஒருவரைச் சந்தித்தார். உலோகத்தையும் பிளாத்திக்கையும் உடல் ஏற்க மறுப்பதாற் படையினரின் கைகால்கள் அகற்றப்படுவதைக் கேணல் எடுத்துரைத்தார். தொடர்ந்த ஆய்வுக்கு நிதி வழங்கியது அமெரிக்க இராணுவமே. உறுப்புக்களைச் சிதைத்த போரை நடத்திய நிறுவனமே அவற்றை மீட்கும் அறிவியலையும் போஷித்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. 1969இல் உருவான கண்ணாடி, எலிகளின் தொடையென்பில் ஆறு வாரங்களிற் பிரித்தெடுக்கவியலாதவாறு ஒன்றிவிட்டது.

ஆயின் கண்ணாடி நொறுங்குவது. உடற்பாரத்தைத் தாங்க உலோகமே வேண்டும். எனவே உலோகத்தின்மேற் கண்ணாடியைப் பூச முனைந்தனர். எம் அடுக்களைகளின் எனாமற் கோப்பை இதே தத்துவத்தின் விளைவே. அங்கு கோபால்ற்று ஒட்சைட்டு இரும்பையும் கண்ணாடியையும் பிணைக்கிறது. இங்கோ சிக்கல் வேறு. ஒரு பாகை குளிரும்போது அக்கண்ணாடி மில்லியனில் ஏறத்தாழ 15 பங்கு சுருங்க, தைத்தேனியக் கலப்புலோகம் 9 அல்லது 10 பங்கே சுருங்குகிறது. இழுவிசைக்குட்பட்ட பூச்சு வெடிக்கிறது. சிலிக்காவைக் கூட்டினாற் சுருக்கம் குறையும். ஆனால் அது 60 வீதத்தைக் கடந்தால் என்போடு ஒட்டும் இயல்பே அழிந்துவிடும். உலோகத்தோடு ஒட்டினால் என்போடு ஒட்டாது, என்போடு ஒட்டினால் உலோகத்தோடு ஒட்டாது என்ற இம்முரண்பாடே பிற்கால ஆய்வுகளை இயக்கியது எனலாம்.

1985இல் லண்டனில் றொனால்ட் பேர்லோங் பொருத்திய இடுப்பு மூட்டு, என்பின் கனிப்பொருளை ஒத்த ஐதரொட்சியபற்றைற்றினாற் பூசப்பட்டது. பிளாஸ்மாச் சுடரில் உருகிய துகள்கள், கரடாக்கப்பட்ட உலோகப் பரப்பைப் பற்றிக்கொள்கின்றன. இது பெரும்பாலும் பொறிமுறைப் பிடிப்பேயன்றி இரசாயனப் பிணைப்பன்று. பல்லாயிரம் பாகை வெப்பத்தில் அக்கனிப்பொருளின் ஒரு பகுதி உருவமற்றதாகி, உடலில் விரைவிற் கரையவும் செய்கிறது.

பூசுவதையே கைவிட்டமை கியோத்தோப் பல்கலைக்கழகத்துக் கொக்குபோவின் சிறப்பாகும். 1996இல் வெளியான அவரது முறையில், தைத்தேனியம் சோடியமைதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைக்கப்பட்டு 600 பாகை செல்சியசிற் சூடாக்கப்படுகிறது. உலோகத்திலிருந்தே படிப்படியாக மாறிவரும் படையொன்று தோன்ற, அதன்மேல் உடற்றிரவமே அபற்றைற்றை வளர்க்கிறது. உரிந்து விழக்கூடிய கூரிய எல்லை அங்கில்லை. இம்முறையாற் பதப்படுத்தப்பட்ட இடுப்பு மூட்டுக்கள் 2007 முதல் யப்பானிற் பயன்படுத்தப்பட்டு வருகின்றன.