ஒரு நோயின் பெயரும் பெண்கள் பெற்ற சிகிச்சையும்

மருத்துவ வரலாற்றை எழுதுவோர் மருந்துகளையும் மருத்துவர்களையும் பற்றி எழுதுமளவுக்கு நோய்களின் பெயர்களைப் பற்றி எழுதுவதில்லை. ஆயினும் ஒரு நோய்க்கு இடப்படும் பெயரே அதற்குரிய சிகிச்சையைத் தீர்மானித்துவிடுவதும் உண்டு. பெண்களின் புறப் பிறப்புறுப்பாகிய யோனிமடலைப் பீடிக்கும் நாட்பட்ட தோல்நோயொன்றின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். இன்று மருத்துவர்கள் இதனை லைக்கன் ஸ்கிளிரோசஸ் என வழங்குவர். தோல் வெளிறிச் சுருங்குதல், உறக்கத்தைக் கெடுக்கும் அரிப்பு, வெடிப்பு, நோவு என்பன இதன் அறிகுறிகள். மாதவிடாய் நின்ற பெண்களிடத்தே மிகுதியாகவும், பூப்பெய்தாத சிறுமியரிடத்தே ஓரளவும் இது காணப்படும். இது தொற்றுநோயன்று, தூய்மைக் குறைவால் வருவதுமன்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோயை இரு துறையினர் தனித்தனியே கண்டனர். 1885ஆம் ஆண்டில் பிராக் நகரப் பெண்ணோயியலறிஞர் பிரைஸ்கி, யோனிமடல் சுருங்கும் நிலைக்குக் 'கிரௌரோசிஸ்' எனப் பெயரிட்டார். 1887இல் பாரிஸ் நகரத் தோல்நோயியலறிஞர் ஹலோபோ இந்நோயை லைக்கன் பிளானஸ் என்னும் தோல்நோயின் ஒரு வகையாக விவரித்தார். 1892இல் டாரியே அதன் இழைய அமைப்பை நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு விளக்கினார். இவற்றோடு, வாயினுள் தோன்றும் வெண்படைகளுக்கு வழங்கிய 'லியூக்கோபிளேக்கியா' என்னும் பெயரும் யோனிமடலின் வெண்படைகளுக்கு இடப்பட்டது. இப்பெயர்கள் பெரும்பாலும் ஒரே நோயைச் சுட்டின என்பது நெடுங்காலம் தெளிவாகவில்லை.

லியூக்கோபிளேக்கியா என்னும் சொல்லின் பின்னால் புற்றுநோய் பற்றிய அச்சம் நின்றது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், அமெரிக்காவின் சென். லூயி நகரப் பெண்ணோயியலறிஞர் டோசிக் போன்றோர் வெண்படையைப் புற்றுநோயின் முன்னிலையாகக் கருதி, யோனிமடலை அறுத்தகற்றுமாறு வற்புறுத்தினர். அரிப்பு நீங்க வேண்டி மருத்துவரை நாடிய பெண்கள் பலர், புற்றுநோய் இல்லாமலே தம் உறுப்பை இழந்தனர். அவர்தம் இல்லற வாழ்வுக்கும் உளநலத்துக்கும் நேர்ந்த இழப்பு மருத்துவக் கணக்கில் இடம்பெறவில்லை.

இந்நிலையை வலுவாக மறுத்தவருள் லிவர்பூல் நகரப் பேராசிரியர் ஜெஃப்கோட் குறிப்பிடத்தக்கவர். 1961ஆம் ஆண்டில் வூட்கொக் என்பாருடன் இணைந்து எழுதிய கட்டுரையில் அவர் இவ்வகை நோய்களை ஆராய்ந்தார். சத்திரசிகிச்சைக்குப் பின்னரும் நோய் மீண்டும் தோன்றுதலும், புற்றுநோயாக மாறுவோர் சிலரேயாதலும் அறுவைக்கு எதிரான வாதங்களாயின. நூற்றுக்கு ஐவருக்கும் குறைவானோரே புற்றுநோய்க்கு ஆளாவர் என்பது இன்றைய கணிப்பு.

1970ஆம் ஆண்டில் யோனிமடல் நோய் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் நிறுவப்பட்டது. பெண்ணோயியலார், தோல்நோயியலார், நோய்க்கூற்றியலார் ஆகிய மூவகையினரும் அதில் ஒருங்கு கூடினர். கிரௌரோசிஸ், லியூக்கோபிளேக்கியா முதலிய பழம்பெயர்களை விலக்கி, லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்னும் பெயரை 1976இல் அச்சங்கம் ஏற்றமை ஒரு திருப்புமுனை எனலாம். அச்சம் தந்த பெயர் நீங்கவே, அறுவைக்கான நியாயமும் தளர்ந்தது.

எனினும், பெயர் திருந்திய அளவில் மருந்து கிடைத்துவிடவில்லை. டெஸ்டோஸ்டெரோன் என்னும் ஆண் ஓமோன் கலந்த களிம்பே பல்லாண்டுகள் வழங்கப்பட்டது. 1991இல் இங்கிலாந்தில் டால்சியலும் பிறரும், குளோபெட்டாசோல் என்னும் வீரியமிக்க ஸ்டெரோயிட் களிம்பைப் பதின்மூன்று பெண்களுக்கு வழங்கி நற்பயன் கண்டனர். 1993இல் இத்தாலியில் வெளிவந்த ஒப்பீட்டாய்வொன்றும் அதன் மேன்மையை உறுதிசெய்தது.

ஸ்டெரோயிட் என்ற சொல்லும் அச்சம் தருவதாயிற்று. தோல் மெலிந்துவிடும் என்ற எச்சரிக்கையைக் கண்டு களிம்பை இடையில் நிறுத்துவோர் உளர். இதன் விளைவை 2015இல் வெளியான சிட்னி ஆய்வு புலப்படுத்துகின்றது. 507 பெண்களை அது தொடர்ந்து அவதானித்தது. சிகிச்சையை ஒழுங்காகக் கைக்கொண்ட 357 பேரில் ஒருவருக்கேனும் யோனிமடற் புற்றுநோயோ அதன் முன்னிலையோ தோன்றவில்லை. ஒழுங்காகக் கைக்கொள்ளாத 150 பேரில் எழுவருக்குத் தோன்றியது. அறுவை தடுக்க முயன்றதை, மருத்துவரின் மேற்பார்வையில் முறையாகப் பூசப்பட்ட களிம்பே தடுக்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயின் அதனை அடக்கி வைக்கலாம். பங்கசுத் தொற்றெனத் தாமே கருதி மருந்து வாங்கிப் பூசுவதும், நாணி மறைப்பதும் காலத்தை வீணாக்கும். தீராத அரிப்புடையவர் தம் நிலையை உள்ளவாறு உரைத்துப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆறாப் புண்ணோ தடிப்போ தோன்றின் தாமதித்தலாகாது. ஏறத்தாழ நூறாண்டுகள் மருத்துவர் ஒருமித்த பெயரின்றித் தடுமாறியதன் விலையைப் பெண்களே கொடுத்தனர். பெயர் தெரிந்துவிட்ட இக்காலத்தில், மௌனத்தின் பொருட்டு அவ்விலையை அவர்கள் மீண்டும் கொடுத்தல் தகாது.