காலிமுகத்துப் பழைய பாராளுமன்றமும் கற்பிட்டி மண்ணும்

ஆலங்குடாவிலிருந்து கொழும்புக்குச் செல்லும் நம்மவர் காலிமுகத்திடலிற் சற்றுநேரம் கடற்காற்று வாங்காது திரும்புவதில்லை. அத்திடலின் வடபால், பெருந்தூண்கள் வரிசையாய் நிற்க, கடலை நோக்கி எழுந்துள்ள கல் மண்டபத்தையும் அவர்கள் காண்கின்றனர். இன்று ஜனாதிபதி செயலகமாக விளங்கும் அம்மண்டபமே முன்னாளிற் பாராளுமன்றமாயிருந்தது. அதன் வரலாற்றில் நமது கரைக்கும் பங்குண்டு என்பதை இளைஞர் அறிதல் வேண்டும் எனக் கருதி இதனை எழுதலானோம்.

இம்மண்டபத்தை அமைத்தவர் மராமத்துப் பகுதியின் பிரதம கட்டடக் கலைஞராயிருந்த ஒஸ்ரின் வூட்சன் என்பவர். 1930ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி தேசாதிபதி சேர் ஹேர்பேட் ஸ்ரான்லி இதனைத் திறந்துவைத்தார். சட்டநிரூபண சபையும், 1931 முதல் அரசாங்க சபையும், 1947 முதல் பிரதிநிதிகள் சபையும் இங்கே கூடின. 1982இற் பாராளுமன்றம் ஸ்ரீ ஜயவர்த்தனபுரக் கோட்டேக்குச் சென்றது.

மண்டபம் எழுமுன்னரே சபை இருந்தது. 1833இல் அது தொடங்கியபோது தமிழருக்கென ஒதுக்கப்பட்டது ஒரேயோர் ஆசனம். அதில் முதலில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி. அவர் 1836இற் காலமானார். பின்னர், 1838 முதல் 1845 வரை, அவ்வாசனத்தை அலங்கரித்தவர் யார்? 1807இற் கற்பிட்டியிற் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராயிருந்த சைமன் காசிச்செட்டி அவர்களே! இலங்கையின் ஊர்களையெல்லாம் விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் நூலை 1834இல் ஆக்கியவர் இவர். தமிழ்ப் புலவர் வரலாறுகளைத் திரட்டி ‘தமிழ் புளூட்டாக்’ என ஆங்கிலத்தில் 1859இல் வெளியிட்டவரும் இவரே. சமயத்தாற் கிறித்தவராயினும், சைவப் புலவர் பலரின் பெயரை உலகறியச் செய்தார்.

குமாரசுவாமியின் மகள்வழிப் பேரர்களே சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும். முன்னவர் 1879இற் சபை புகுந்து, 1911இற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாகச் சிங்களவரின் வாக்குகளையும் பெற்று வென்றார். பின்னவர் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். இருவரின் சிலைகளும் அம்மண்டபத்தருகே நிற்கின்றன.

சிலைகள் நிற்க, உள்ளே நிகழ்ந்தது வேறு. 1948இல் நிறைவேறிய குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1956இற் சிங்களம் மட்டும் என்னும் மசோதா அங்கே வந்தது. அவ்வாண்டு ஜூன் 5ஆந் திகதி திரு. சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையிற் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகம் இருந்தோர் குண்டரால் தாக்கப்பட்டனர். மசோதாவோ அவ்வாண்டே சட்டமாயிற்று. தமிழும் அரசகரும மொழியென அரசியலமைப்பில் இடம்பெற 1987 வரை, 31 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அத்திடலைத் தேசாதிபதி சேர் ஹென்றி வார்ட் 1859இல் உலாவுமிடமாக்கி, கொழும்பு மாதரும் சிறாரும் இன்புறுமாறு அதனைப் பேணும்படி தமக்குப் பின் வருவோரைக் கேட்டுக் கல்லிற் பொறித்துவைத்தார். தென்கோடியில் 1864இல் தோன்றிய காலிமுக ஹோட்டல் உளது. வடக்கே கோட்டைப் பகுதியில், 1857இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரம் உளது. 1867 முதல் அது கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. 2022இற் பல இனத்தாரும் மதத்தாரும் ஒன்றாய்க் கூடி ஆட்சியாளரைக் கேள்வி கேட்டதும் இத்திடலிலேதான்.

இளைஞர்காள்! அடுத்த முறை அங்கே செல்லும்போது படம்பிடிப்பதோடு நின்றுவிடாதீர்கள். அவ்விரு சிலைகளின் முன் நின்று, கற்பிட்டியிலிருந்து சென்று தமிழர் ஆசனத்தில் அமர்ந்தவரையும் நினையுங்கள். முதியோரே, 1956இன் செய்திகளை நேரில் அறிந்தவர்கள் குறைந்து வருகின்றனர். அறிந்தவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். காசிச்செட்டியின் நூல்களை நமது வாசிகசாலைகளிற் சேர்த்து வைப்பது சங்கத்தார் அனைவரின் கடனாகும்.