ஒரு ரூபாய் எதிர்வாதம்: ஆதார் எண் அறைகூவலும் நகையும் (2018)

கொடைக்கானல் வருவோர் இ-பாஸ் பெறவேண்டும் எனச் சென்னை உயர்நீதிமன்றம் பணித்ததன்படி, 2024 மே 7 முதல் அம்முறை நடைமுறைக்கு வந்தது. பேத்துப்பாறை அருவியைக் காணவரும் வெளியூராரும் கைபேசி எண், வாகன எண் முதலியவற்றைப் பதிந்தே மலையேற வேண்டியதாயிற்று. எண்ணைத் தருவதால் என்ன கேடு என்னும் வினா இத்தகைய இடங்களில் எழுவது இயல்பே. அதனை வெளிப்படையாகக் கேட்டு விடையும் பெற்றவர் ஆர்.எஸ். சர்மா.

ஆதார் ஆணையத்தின் முதல் தலைமை இயக்குநரான அவர், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத் தலைவராக இருந்தபோது, 2018 ஜூலை 28 அன்று தம் 12 இலக்க ஆதார் எண்ணை ட்விட்டரில் வெளியிட்டு, இதனால் தமக்கு நேரும் தீங்கைக் காட்டுமாறு அறைகூவினார். விரைவிலேயே அவருடைய கைபேசி எண், முகவரி, பிறந்தநாள் ஆகியன பொதுவெளிக்கு வந்தன. சிலர் அவ்வெண்ணைக் கொண்டே அவர் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய் செலுத்தினர். தீங்கு கேட்டவருக்கு வரவு! தொல்காப்பியம் நகைக்குக் கூறும் நான்கு நிலைக்களன்களுள் இஃது எள்ளலின்பாற்படும். ஆயின் வெறும் எள்ளல் அன்று. எண் தெரிந்தவர்க்குக் கணக்குவரை ஒரு தடம் உண்டு என்பதை நீண்ட வாதுரையினும் தெளிவாக அவ்வொரு ரூபாய் காட்டியது.

அத்தகவல்கள் தன் தரவுத்தளத்திலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல, இணையத்தில் முன்னரே கிடைப்பவை என ஆதார் ஆணையம் மறுத்தது. சிதறிக்கிடப்பவற்றை ஓர் ஆளோடு சேர்த்துக் கட்டுவதே அச்சத்தின் வேர் என்பதை அம்மறுப்பு தொடவில்லை.

அப்போது ஆதார் வழக்கில் 38 நாள் விசாரணை முடிந்து, உச்சநீதிமன்றத் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டிருந்தது. செப்டம்பர் 26 அன்று வந்த தீர்ப்பு, தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோருவதற்கு இடமளித்த சட்டப்பகுதியை நீக்கியது. அதற்கு இந்நகையைக் காரணமாக்குவது மிகையாகும். அறைகூவல் எழுந்த சில நாள்களிலேயே, ஆதார் எண்ணை எவரும் பொதுவெளியில் பகிரவேண்டா என ஆணையமே அறிவுறுத்தியது.