பான்ஜோவின் கட்டைத் தந்தி ஆருடையது?

2024 பெப்ரவரியில் பியோன்ஸே 'டெக்சாஸ் ஹோல்டெம்' பாடலை வெளியிட்டபோது ஒரு பழைய சண்டை திரும்பவும் தொடங்கியது. கன்ட்ரி இசையில் ஒரு கறுப்பினப் பாடகிக்கு என்ன வேலை என்று கேட்டவர்கள் நிறையப் பேர். அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கேட்கிற பான்ஜோவை வாசித்தவர் ரியனன் கிடென்ஸ். வட கரோலினாவைச் சேர்ந்தவர், தாய்வழியில் கறுப்பினத்தவர். கிட்டத்தட்ட இருபது வருசமாக அவர் வாசித்தும் பேசியும் வருவது இந்தக் கேள்விக்கான பதிலைத்தான்.

பான்ஜோ என்றவுடன எங்கட மனசில ஒரு படம் வரும். மலைப்பக்கத்து மரவீடு, விறாந்தையில் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரத் தாத்தா. புளூகிராஸ், அதற்கு முந்திய 'ஓல்ட் டைம்' எனப்படும் நாட்டார் இசை, இரண்டைப் பற்றிக் கதைத்தாலும் இந்தப் படம்தான் முன்னுக்கு வந்து நிற்கும். ஆனால் வாத்தியத்தைக் கையில எடுத்துப் பார்த்தால் வேறொரு கதை இருக்கு.

பான்ஜோவில் ஐந்து தந்திகள். நாலு தந்திகள் கழுத்தின் நுனிவரை போகும். ஐந்தாவது பாதி வழியில், ஐந்தாம் கட்டையோட நிண்டிடும். அதை முறுக்கிற ஆணியும் கழுத்தின் பக்கத்தில தனியாக இருக்கும். இந்தக் கட்டைத் தந்தியை விரலால் அழுத்தி மெட்டு வாசிப்பது குறைவு. கட்டைவிரல் அதைத் திரும்பத் திரும்பத் தட்ட, ஒரே உயர்ந்த சுரம் தாளத்தோட ஓடிக்கொண்டிருக்கும்.

மேற்கு ஆபிரிக்காவில் செனகல், காம்பியாப் பக்கத்து ஜோலா மக்களிடம் அக்கொன்டிங் என்றொரு வாத்தியம் உண்டு. சுரைக்குடுவை, அதன்மேல் இழுத்துக் கட்டிய ஆட்டுத்தோல், நீண்ட கழுத்து, மூன்று தந்திகள். அதில் ஒன்று கட்டை. அதை வாசிப்பது கட்டைவிரல். மற்றத் தந்திகளை நகத்தின் முதுகால் மேலிருந்து கீழாக அடிப்பார்கள். அப்பலாச்சிய மலைகளில் 'குளோஹாமர்' என்று சொல்லப்படும் பழைய பான்ஜோ முறையும் கிட்டத்தட்ட இதேதான். பான்ஜோவுக்கு இதுதான் ஒரே மூதாதை என்று சொல்ல முடியாது. இதைப்போல பல வாத்தியங்கள் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் கை எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை.

அடிமைகளாகக் கடத்தப்பட்டவர்களுக்கு வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு கப்பலேற வழியில்லை. செய்யும் முறையும் வாசிக்கும் முறையும்தான் அவர்களோட வந்தன. 1687இல் ஜமேக்காவுக்குப் போன மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன், அங்கே அடிமைகள் சுரைக்குடுவையில் செய்து வாசித்த தந்தி வாத்தியங்களைக் குறித்து வைத்தார். அவற்றின் படம் 1707இல் அவருடைய புத்தகத்தில் அச்சானது. ஸ்டோனோவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்ததற்கு அடுத்த வருசம், 1740இல், தென் கரோலினா அவர்களின் பறைகளையும் கொம்புகளையும் சட்டம் போட்டுத் தடைசெய்தது. தந்தி வாத்தியங்கள் தடைப்படவில்லை. ஸ்கொட்லாந்து, அயர்லாந்து குடியேறிகள் கொண்டுவந்த பிடில், அதாவது எங்களுக்குத் தெரிந்த அதே வயலின், அடிமைகளின் கைக்கும் வந்தது. வெள்ளையர் வீட்டு நடனங்களுக்கே அவர்கள் வாசித்தார்கள். பிடிலும் பான்ஜோவும் ஒன்றாகச் சேர்ந்த இந்த இடத்தில்தான் ஓல்ட் டைம் இசை பிறக்கிறது.

1840களில் வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பினத்தவரைக் கேலி செய்து மேடையேறினார்கள். மின்ஸ்ட்ரல் நிகழ்ச்சி என்று பேர். பான்ஜோ அமெரிக்கா முழுக்கப் பிரபலமானது இந்தக் கேலியின் முதுகில் ஏறித்தான். பிறகு கறுப்பின இளைஞர் பலர் அதிலிருந்து விலகியதில் ஆச்சரியம் என்ன இருக்கு?

அடுத்த வெட்டைப் போட்டவை இசைத்தட்டுக் கம்பனிகள். 1920களில் அவை இரண்டு பட்டியல் வைத்திருந்தன. கறுப்பினத்தவருக்கு விற்க 'ரேஸ்', தெற்கத்தி வெள்ளையருக்கு விற்க 'ஹில்பில்லி'. கறுப்பினக் கலைஞர் வந்தால் புளூஸ் பாடச் சொன்னார்கள். அவர் பிடிலில் நடனப் பாட்டு வாசித்தால் அதை எந்தப் பட்டியலில் போடுவது? பெரும்பாலும் பதிவே செய்யவில்லை. 1927இல் ஜிம் புக்கர் என்ற கறுப்பினப் பிடில்காரர் 'டெய்லர்ஸ் கென்டக்கி போய்ஸ்' குழுவில் வெள்ளையரோடு சேர்ந்து பதிவு செய்தார். அந்தத் தட்டுகள் ஹில்பில்லி என்றே விற்கப்பட்டன. வாங்கினவருக்கு எப்படித் தெரியும்?

அதே 1927இல் பிரிஸ்டல் நகரத்தில் நடந்த ஒலிப்பதிவுகளில் கார்ட்டர் குடும்பம் முதன்முறை பதிவானது. ஏ. பி. கார்ட்டர் பிறகு பாட்டுத் தேடி ஊர் ஊராகத் திரிந்தார். அவரோட போனவர் லெஸ்லி ரிடில், ஒரு விபத்தில் காலிழந்த கறுப்பினக் கிற்றார் கலைஞர். கார்ட்டர் வரிகளை எழுதிக்கொள்ள, மெட்டை மனதில் பிடித்து வைத்தது ரிடில். மேபெல் கார்ட்டரும் அவரிடம் கிற்றார் வித்தை கற்றார். தட்டுகளில் வந்த பேர் கார்ட்டர். ரிடிலைத் தேடிப் பிடித்து மைக் சீகர் பதிவு செய்தது 1960களில்.

புளூகிராஸின் தந்தை என்று சொல்லப்படும் பில் மொன்றோவின் கதையும் இதுதான். கென்டக்கியில் சின்னப் பெடியனாக அவர் நடனங்களுக்கு வாசித்தது ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு. மொன்றோ அதைக் கடைசிவரை நன்றியோடு சொன்னார். ஷுல்ட்ஸ் 1931இல் இறந்துபோனார். அவருடைய ஒலிப்பதிவு ஒன்றுகூட இல்லை.

மொன்றோவின் 'புளூ கிராஸ் போய்ஸ்' குழுவில் 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் சேர்ந்தார். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றிலும் வளையம் மாட்டி அவர் வாசித்த வேகம் புளூகிராஸின் அடையாளமாகிவிட்டது. ஓல்ட் டைமில் எல்லோரும் ஒரே மெட்டைச் சேர்ந்து, ஆடுபவர்களுக்காக வாசிப்பார்கள். புளூகிராஸில் ஒருவர் முன்னுக்கு வந்து வாசிக்க மற்றவர்கள் பின்னால் நிற்பார்கள். அது மேடைக்கும் வானொலிக்கும் ஆன இசை. முறை மாறினாலும் கட்டைத் தந்தி மாறவில்லை. ஸ்க்ரக்ஸின் கட்டைவிரலும் அங்கேதான் போய் வருகிறது.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பின பான்ஜோ கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். அங்கே சந்தித்த கிடென்ஸ், டொம் பிளெமன்ஸ், ஜஸ்டின் ரொபின்சன் மூவரும் ஜோ தொம்சன் என்ற முதிய பிடில்காரரின் வீட்டுக்குப் போய்ப் பழகத் தொடங்கினார்கள். 1918இல் பிறந்த தொம்சன் குடும்பத்தில் கேட்டே வளர்ந்தவர். எந்தப் பட்டியலிலும் இல்லாத இசை அவர் கையில் இருந்தது. அந்த மூவரின் 'கரோலினா சொக்லட் டிரொப்ஸ்' குழு 2011இல் கிராமி விருது வாங்கியது. தொம்சன் அடுத்த வருசம் காலமானார்.

'இது அவையின்ர பாரம்பரியம், இவைக்கு இதில பங்கில்லை' என்று ஆராவது சொன்னால், அந்தப் பட்டியலைப் போட்டது ஆர், எதை விற்கப் போட்டார்கள் என்று நாங்கள் கேட்கவேணும். முதலில் யூடியூப்பில் ஜோ தொம்சனைத் தேடிக் கேளுங்கோ. பிறகு அக்கொன்டிங் வாசிக்கிற ஒரு வீடியோ, அதற்குப் பிறகு ஏர்ல் ஸ்க்ரக்ஸ். பான்ஜோவும் அக்கொன்டிங்கும் வாசிக்கிறவையின்ர கட்டைவிரலை மட்டும் பாருங்கோ.