ஓடைக்கும் ஆற்றுக்கும் ஒரு படகு: கயாக் வடிவத்தின் வரலாறு

பூநகரிக் கடல்நீரேரியிற் கோலூன்றிச் செலுத்தப்படும் தோணியையும் திறந்த கடலிற் செல்லும் வள்ளத்தையும் அருகருகே வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். முன்னது, முழங்காலளவு நீரிலும் தரைதட்டாது செல்லவேண்டி அடி தட்டையாய் அமைவது. பின்னது, அலையைப் பிளந்து நேரே செல்லவேண்டி ஏராவும் கூரிய அணியமும் உடையது. நீர் வேறாயின் கலமும் வேறாகும். ஜெயபுரத்தார் அறிந்த மண்டைக்கல்லாறோ மாரியிற் பெருகிக் கோடையில் வற்றும் சமநிலத்து ஆறு; அதில் அருவியுமில்லை, பாறை நெருக்கமுமில்லை. மலைநாட்டு நீர் அத்தகையதன்று. அங்கே ஒரே நாட் பயணத்தில் ஒடுங்கிய ஓடையும் அகன்ற ஆறும் மாறி மாறி எதிர்ப்படும். இவ்விரண்டிற்கும் ஒருவர் அமரும் ஒரே படகைச் சமைக்க முயன்ற வரலாறே ஈண்டு ஆராயப்படுவது.

கயாக் என்பது வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிற் மக்களின் சொல். மிதந்துவந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டங்கட்டி, சீல் எனும் கடல்விலங்கின் தோலைப் போர்த்து, இருதலைத் துடுப்பால் அதனை அவர்கள் செலுத்தினர். அது வேட்டைக்குரிய கடற்கலம்; ஆதலின் நீண்டு மெலிந்தது. 1865இல் ஸ்கொட்லாந்தினரான ஜோன் மக்கிறெகர் 'ரொப் ரோய்' எனும் சிறு மரக்கலத்தில் ஐரோப்பிய ஆறுகளிற் பயணஞ் செய்து நூலும் எழுதினார். 1905இல் மியூனிச் நகர மாணவரான அல்பிறெட் ஹொயிறிச், மடித்து எடுத்துச் செல்லத்தக்க துணிப்படகொன்றை அமைத்தார். அதன் உரிமையை 1907இல் றோசன்ஹைம் நகரத் தையற்காரர் ஜோகான் கிளெப்பர் பெற்றார். புகைவண்டியிற் கொண்டுசெல்லத்தக்க படகு கிடைத்தமையால் மலையாறுகள் நகரத்தாருக்கு எட்டின. எனினும் வடிவம் இன்னும் கடலுக்குரியதே, நீளமும் குறையவில்லை.

அந்நீளம் நெடுங்காலம் நிலைத்தமைக்கு நீர் மட்டும் காரணமன்று. போட்டி விதியும் காரணமாயிற்று. 1949இல் உலகப் போட்டியாகத் தொடங்கி 1972இல் ஒலிம்பிக்கிலும் இடம்பெற்ற சிலாலம் ஓட்டத்தில், 4 மீற்றருக்குக் குறைந்த கயாக் நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. 2005ஆம் ஆண்டளவிலேயே அவ்வெல்லை 3.5 மீற்றராயிற்று. கண்ணாடியிழையாற் செய்த போட்டிப் படகையே பயணிகளும் மலையோடைக்குக் கொண்டு சென்றனர். 1976இல் மைக் ஜோன்ஸ் தலைமையிலான பிரித்தானியக் குழுவினர் எவறெஸ்ற் அடிவாரத்துத் தூத் கோசியில் இறங்கியபோதும் அவர்களிடமிருந்தவை கண்ணாடியிழைப் படகுகளே. பாறையில் மோதி உடைந்தவற்றை ஒட்டியொட்டிச் செலுத்தினர். 1978இல் காரகோரத்தின் பிறால்டு ஆற்றில், உடன்வந்தவரைக் காக்க முயன்ற ஜோன்ஸ் தாமே உயிரிழந்தார். இத்துறையில் வடிவம் பற்றிய வினா உயிர் பற்றிய வினாவாகவே இருந்து வந்துள்ளது.

1970களின் முற்பகுதியிற் கலிபோர்னியாவில், சுழலும் அச்சில் உருக்கி வார்க்கும் முறையாற் பிளாஸ்ரிக் கயாக் தோன்றியது. முதற் படகுகளும் ஏறக்குறையப் பழைய நீளத்தனவே என்பது கருதத்தக்கது. பொருள் மாறியவுடன் வடிவம் மாறுவதில்லை. பழக்கம் சிலகாலம் கூடவே வரும். ஆயினும், பாறையில் மோதினும் உடையாத கலம் கிடைத்தபின் முன்னர் அஞ்சிய ஓடைகளிலும் மக்கள் இறங்கினர். அங்கே புதியதோர் இடர் வெளிப்பட்டது. அருவியிலிருந்து விழும் கூரிய அணியம் நீருள் ஆழச் சென்று, அடியிலுள்ள பாறைகளுக்கிடையிற் செருகிக்கொள்ளும். மேலிருந்து வீழும் நீர் இருப்பவரை அப்படியே அழுத்தும். இருக்கைவாய் சிறிதாயின் கால்களை வெளியே எடுத்தலும் இயலாது. ஆகவே அணியம் மழுங்கிப் பருத்தது, இருக்கைவாய் சாவித்துளை போல் முன்புறம் நீண்டது, நீளம் குறுகியது. 1990களின் இறுதியில் 3 மீற்றருக்குக் குறைந்த படகு வியப்பாயிருக்கவில்லை.

ஓடைக்குரிய படகு இவ்வாறு தனி வடிவம் பெற்றது. அதன் இரு முனைகளும் மேல்நோக்கி நன்கு வளைந்தவை. விழுந்தபின் விரைந்து மேலெழும். விளிம்புகள் உருண்டவை, பாறையிற் சிக்கா. ஆனால் அதே படகைப் பெருநீர் ஓடும் அகன்ற ஆற்றில் விட்டால் குறை தெரியும். வளைவு மிக்கதால் நீரைத் தொடும் நீளம் குறைவு, விரைவும் குறைவு. உருண்ட விளிம்பு நீரோட்டத்தைப் பற்றாது. கரையோரத்து எதிரோட்டத்திலிருந்து நடுவோட்டத்திற்குள் நுழையும்போது, செலுத்துவோன் எண்ணிய திசையை விட்டு அது வழுக்கும். ஆற்றுப்படகு வேண்டுவது நீண்ட அடியும் கூரிய விளிம்பும்.

இரண்டிற்கும் நடுவான அளவை எடுத்தால் இடர் தீரும் என எண்ணுதல் எளிது. எல்லாவற்றையும் பாதியாக்கிய படகோ ஓடையிலும் அஞ்சத்தக்கது, ஆற்றிலும் மந்தமானது. பிற்கால வடிவமைப்பாளர் அளவைப் பாதியாக்கவில்லை. ஒவ்வொரு பண்பையும் படகின் எவ்விடத்தில் வைப்பது என்றே வினவினர். மிகுந்த வளைவு முன்புறத்திற்கு வேண்டும், விழுதலையும் அலையையும் முதலிற் சந்திப்பது அதுவாதலின். இருக்கைக்குக் கீழும் சற்றுப் பின்னும் அடி நேராயிருப்பின் விரைவு கிடைக்கும். கூரிய விளிம்பு நடுவில் மட்டும் போதும். முனைகளை நெருங்க நெருங்க அது உருண்டு மறையலாம். 2010களில் 9 அடி நீளத்தை ஒட்டி வந்த படகுகள் பலவற்றில் இவ்வமைப்பைக் காணலாம். நீளம் சிறிது திரும்பியது, மழுங்கிய அணியமோ நின்றது. ஐயம் தோன்றுமிடத்தில் ஓடையின் பக்கமே சாய்தல் வேண்டும் என்பது எம் கருத்து. ஆற்றிற் குறை காலத்தாழ்வு, ஓடையிற் குறை உயிர்.

இத்தகைய படகின் தேவையைத் தென்னிந்தியாவில் நேரே காணலாம். கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்திற் கோடஞ்சேரி, துஷாரகிரிப் பகுதிகளில் 2013 முதல் மலபார் ஆற்றுத் திருவிழா தொடங்கி நடத்தப்பட்டு வந்துள்ளது. தென்மேற்குப் பருவமழையிற் பெருகும் சாலிப்புழை ஒடுங்கியது, பாறை செறிந்தது; அது சென்று கலக்கும் இருவஞ்சிப்புழையோ அதனினும் பெரிய நீர். வெளிநாட்டிலிருந்து வருவோர் வானூர்தியில் இரு படகுகள் கொணர்தல் அரிது. இலங்கையிற் களனி கங்கையின் கித்துல்கலைப் பகுதி காற்றடைத்த மிதவைப் பயணத்துக்குப் பெயர்பெற்றது. ஒருவர் கயாக்குக்கும் ஏற்ற நீர் அங்குண்டு.

இன்னுமொன்று, வாங்குவோர் பெரிதும் மறப்பது. ஒரே வடிவத்தையே உடல்நிறைக்கேற்ப இரண்டு மூன்று அளவுகளில் வார்க்கின்றனர். மெலிந்தவர் பெரிய அளவில் அமர்ந்தால் நடுவிலுள்ள விளிம்பு நீரில் ஆழ்வதில்லை. ஆற்றில் அது பயனிழந்து வெறும் ஓடைப்படகாகும். பருத்தவர் சிறிய அளவில் அமர்ந்தால் அணியம் தாழும். அருவியின் கீழ் அது பழையபடி செருகும்.