லெனார்ட் பேர்ச்சல்

லெனார்ட் ஜோசப் பேர்ச்சல் (1915 யூலை 6 – 2004 செப்டம்பர் 10) கனேடிய அரச விமானப்படையில் எயார் கொமடோர் தரம் வரை உயர்ந்த அதிகாரி. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி இலங்கைக்குத் தெற்கே கடலில் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல் அணியைக் கண்டு கரைக்கு அறிவித்தவர். அதனால் 'இலங்கையின் இரட்சகர்' என்ற பெயர் அவருக்கு நிலைத்துவிட்டது. அந்தச் செய்தியை அனுப்பச் சில நிமிடங்களே ஆயின. அதன்பின் போர்க்கைதியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் அவர் நடந்துகொண்ட விதமே அவருடைய சேவையின் உயர்ந்த பகுதி. இலங்கையில் அது அதிகம் பேசப்படுவதில்லை.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் செயின்ற் கதரின்ஸ் நகரில் பிறந்தார். கிங்ஸ்ரன் நகரிலுள்ள அரச இராணுவக் கல்லூரியில் படித்து 1937இல் வெளியேறி விமானப்படையில் சேர்ந்தார். போர் தொடங்கியபோது நோவா ஸ்கோஷியாக் கரையோரத்தில் கடற்காவல் பறப்புகளில் இருந்தார். 1940 யூனில் இத்தாலி போரில் இறங்கியதும், செயின்ற் லோரன்ஸ் குடாவிலிருந்து தப்பியோட முயன்ற 'காப்போ நோலி' என்ற இத்தாலியச் சரக்குக் கப்பலைத் தேடிப் பிடித்து அதன் மேல் தாழப் பறந்தார். தாக்கப் போகிறார்கள் என்று அஞ்சிய கப்பல் தலைவர் கப்பலைத் தரைதட்ட வைத்தார்.

1942 தொடக்கத்தில் கனேடிய விமானப்படையின் 413ஆம் அணியில் சேர்ந்து ஸ்கொட்லாந்தின் வடக்கே ஷெற்லாந்துத் தீவுகளில் பணியாற்றினார். அதே ஆண்டு பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவுக்குக் கண்ணாக இருக்கக்கூடிய நெடுந்தூர விமானங்கள் மிகச் சிலவே இருந்தன. ஆகவே 413ஆம் அணி அவசரமாக இலங்கைக்கு மாற்றப்பட்டது. ஏப்ரல் 2ஆம் திகதி பேர்ச்சல் காலிக்குக் கிழக்கே கொக்கலை வாவியில் தம் கற்றலினாப் பறக்கும் படகை இறக்கினார். ஒரு நாள் இடைவெளிதான். நான்காம் திகதி விடியுமுன் எட்டுப் பேரோடு மறுபடி கிளம்பினார்.

பகல் முழுவதும் வெறுங்கடல். காவல் முடிந்து திரும்ப வேண்டிய நேரத்தில், தாம் நிற்கும் இடத்தைச் சந்திரனைக் கொண்டு சரிபார்ப்பதற்காக இன்னும் சற்று நேரம் வானில் தங்கினார்கள். அந்தக் கூடுதல் சுற்றில்தான், மாலை நாலு மணியளவில், தெற்கு அடிவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. கிட்டப் போகப் போகப் புள்ளிகள் பலவாகின. அகாகி, சோர்யூ, ஹிர்யூ, ஷோகாக்கு, சுயிகாக்கு என்னும் ஐந்து விமானந்தாங்கிகளும் அவற்றுக்குக் காவலாகப் போர்க்கப்பல்களும் அட்மிரல் நகுமோவின் தலைமையில் வந்துகொண்டிருந்தன. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய அணி இது.

எண்ணிக்கையையும் திசையையும் சரியாகச் சொல்ல வேண்டுமானால் நெருங்கித்தான் ஆகவேண்டும். நெருங்கினால் தப்ப முடியாது என்பது மெதுவாகப் பறக்கும் கற்றலினாவை ஓட்டுபவருக்குத் தெரியாததல்ல. பேர்ச்சல் நெருங்கினார். வானொலி இயக்குநர் செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியரின் சீரோ சண்டை விமானங்களின் குண்டுகள் வானொலியைச் சிதைத்தன. விமானம் தீப்பற்றிக் கடலில் விழுந்தது. ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். உயிர்காப்பு அங்கியோடு நினைவிழந்து மிதந்த இருவர், மற்றவர்களைப் போல நீருக்குள் முங்க முடியாததால், மேலிருந்து சுடப்பட்டு இறந்தனர். எஞ்சிய ஆறு பேரை 'இசோகாசே' என்ற நாசகாரிக் கப்பல் தூக்கியது. செய்தி எதுவும் அனுப்பவில்லை என்று அடி உதைக்கு நடுவிலும் சாதித்தார்கள். சற்று நேரத்தில், முந்திய அறிக்கையைத் திருப்பி அனுப்பும்படி கரையிலிருந்து கேட்டது ஜப்பானியரின் வானொலியில் விழுந்தது. அடி கூடியது.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. ஏறத்தாழ 125 விமானங்கள் காலையில் கொழும்பின் மேல் வந்தன. முன்னறிவிப்பின் பயனாகத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல ஏற்கெனவே வெளியேறியிருந்தன. ஆனால் தீவு முழுமையாகக் காப்பாற்றப்பட்டது என்று எழுதுவது உண்மைக்குப் பொருந்தாது. தாக்குதல் வரும் என்று முதல் நாளே தெரிந்தும், வந்த விமானங்களை ராடர் நேரத்தோடு காட்டவில்லை. இரத்மலானையில் ஹரிக்கேன்கள் எதிரி தலைக்கு மேல் வந்த பிறகே தரையைவிட்டு எழும்பின. அங்கொடை மனநோய் மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. கோர்ன்வோல், டோர்செற்ஷயர் என்ற இரு பிரித்தானியக் குரூசர் கப்பல்கள் கடலில் மூழ்கி 424 பேர் மாண்டனர். ஒன்பதாம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே ஹேர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஏப்ரல் 6ஆம் திகதி குண்டு விழ, அந்த வாரமே சென்னையிலிருந்து அரசு அலுவலகங்களும் மக்களும் வெளியேறத் தொடங்கினர். நகுமோவின் அணி இந்து சமுத்திரத்துக்கு மறுபடி வரவில்லை. பேர்ச்சல் கண்ட ஐந்தில் மூன்று, இரண்டு மாதங்களில் மிட்வேச் சண்டையில் மூழ்கின.

அந்த அணி வராது என்று அப்போது யார் அறிவார்? தீவெங்கும் விமானத் தளங்கள் பெருகின. மேற்குக் கரையில் அவற்றின் வரிசை புத்தளம் வரை நீண்டது. களப்பும் உப்பளங்களும் சூழ்ந்த பாலாவியில் 1943 பெப்ரவரி 1ஆம் திகதி பிரித்தானியக் கடற்படையின் 'ராஜாலிய' விமானத் தளம் இயங்கத் தொடங்கியது. கடற்படை தன் விமானத் தளங்களுக்குப் பறவைப் பெயர் வைப்பது வழக்கம். கட்டுக்குருந்தைத் தளம் 'உக்குஸ்ஸ', கோயம்புத்தூர் 'கருடா', சூலூர் 'வைரி'. 1944இல் இல்லஸ்ரியஸ், விக்ரோரியஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல்களின் கோர்செயார்ச் சண்டை விமானங்கள் கரையிறங்கியபோது புத்தளத்தில் வந்து தங்கின. மழைக்குப் பின் அந்தக் கனத்த விமானங்களின் சக்கரம் சேற்றில் புதைந்துவிடும். இழுத்துவிட யானை வரும். கழுத்துப் பட்டியிலிருந்து சங்கிலி விமானத்துக்குப் போக, இறக்கையை மேல்நோக்கி மடித்த கோர்செயாரை யானை இழுத்துச் செல்வதைக் கடற்படைப் படப்பிடிப்பாளர்கள் எடுத்த படங்களில் இன்றும் காணலாம். அதே ஆண்டு ஏப்ரலில் இல்லஸ்ரியஸ், இலங்கையிலிருந்து புறப்பட்டுச் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கிய அணியில் சென்றது. இரண்டே ஆண்டுகளில், அடி வாங்கிய தீவு அடி கொடுக்கும் தளமாகியிருந்தது. 1945 ஒக்ரோபர் 31ஆம் திகதி ராஜாலிய மூடப்பட்டது. பாலாவியில் இன்று இலங்கை விமானப்படையின் தளம் உண்டு.

இதெல்லாம் நடந்த காலத்தில் பேர்ச்சல் ஜப்பானில் இருந்தார். முதலில் ஒபுனா விசாரணை முகாம். அங்கே வைக்கப்பட்டவர்கள் போர்க்கைதிகளாகப் பதிவு செய்யப்படுவதில்லை. வீட்டாருக்கு அவர்கள் உயிரோடு இருப்பதே தெரியாது. பிறகு யோக்கோகாமா. அங்கு மூத்த நேசநாட்டு அதிகாரி என்ற முறையில் கைதிகளின் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. காவலர் ஒருவர் நோயாளிக் கைதியை அடிக்கும்போது குறுக்கே விழுந்து காவலரையே தாக்கியிருக்கிறார். அதற்கான தண்டனையையும் பட்டார். 1944இல் நோயாளிகளைத் துறைமுக வேலைக்கு விரட்டியபோது, அவர்களை விடும்வரை ஒருவரும் வேலை செய்யக்கூடாது என்று கட்டளையிட்டு எல்லோரையும் உட்காரவைத்தார். நோயாளிகள் விடப்பட்டார்கள். அவரை ஒமோரித் தண்டனை முகாமுக்கு அனுப்பினார்கள்.

சோறு பங்கிடும் முறை ஒன்றையும் அவர் பின்னாளில் தலைமைத்துவம் பற்றிய உரைகளில் விளக்கியிருக்கிறார். அதிகாரியின் கிண்ணத்தில் தன்னுடையதைவிட ஒரு பிடி கூடுதலாக இருக்கிறது என்று எந்தச் சிப்பாய்க்குத் தோன்றினாலும், கேள்வியில்லாமல் கிண்ணத்தை மாற்றிக்கொள்ளலாம். பட்டினி கிடக்கும் மனிதர்களிடம் தரம், பதவி என்று பேசி ஒன்றும் ஆகாது. நம்பிக்கை இந்த அளவுக்குக் கண்ணெதிரே நிற்க வேண்டும். ஜப்பானிய முகாம்களில் மேற்கத்தியக் கைதிகளில் நூற்றுக்கு 27 பேர் இறந்தனர் என்று தோக்கியோ விசாரணை மன்றம் கணக்கிட்டது. பேர்ச்சலின் பொறுப்பில் இருந்தவர்களிடையே இறப்பு அதைவிட மிகக் குறைவு. நடந்த கொடுமைகளை நாட்குறிப்பாக எழுதி மண்ணில் புதைத்தும் வைத்தார். போருக்குப் பின் குற்றவாளிகளை விசாரித்தபோது அவை சான்றாயின.

1945 ஓகஸ்ற்றில் விடுதலை. கற்றலினாப் பறப்புக்காகச் சிறையிலிருந்தபோதே டி.எப்.சி. பதக்கம் வழங்கப்பட்டிருந்தது. முகாம்களில் செய்ததற்காக 1946இல் ஓ.பி.ஈ. விருது கிடைத்தது. பின்னர் வாஷிங்ரனிலும் நேட்டோவுக்கான கனேடியத் தூதுக்குழுவிலும் பணியாற்றி, நோர்த் பே விமானத் தளத்துக்குத் தலைமை வகித்தார். 1963 முதல் 1967 வரை தாம் படித்த கிங்ஸ்ரன் கல்லூரிக்கே தளபதியாக இருந்து ஓய்வு பெற்றார். அதற்குப் பிறகு யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பொறுப்பு வகித்தார். கெளரவக் கேர்ணலாகச் சீருடையை விடாமலும் இருந்தார். 2000இல் கனடா அவருக்கு ஓடர் ஒவ் கனடா விருதை அளித்தது. 89ஆவது வயதில் கிங்ஸ்ரனில் காலமானார்.

அவருடைய 413ஆம் அணி 1945 வரை இலங்கையில் நின்றது. இன்று நோவா ஸ்கோஷியாவின் கிறீன்வுட் தளத்திலிருந்து, கடலில் தொலைந்தவர்களைத் தேடி மீட்கும் பணி அதற்கு. சின்னத்தில் இருப்பது யானைத் தலை.